திருமலைக்கு வந்த துப்பறிவாளர்

துப்பறியும் கதை என்றதுமே முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே இன்றும் உளர். பாடப் புத்தகத்துள் மறைத்து வைத்துப் பிள்ளைகள் படிக்கும் பண்டம் அது என்பது அவர்தம் எண்ணம். அப்பெரியோருள் எத்தனை பேருடைய தலையணையின் கீழ் ஒரு மர்ம நாவல் கிடக்கின்றது என்பதை நாம் ஆராயப் புகவில்லை; அது துப்பறிவாளரின் தொழில். நாம் சொல்ல வந்தது வேறு. ஆங்கிலேயர் எழுதிக் குவித்த துப்பறியும் கதைகளுக்கும், கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்து வாழும் நமக்கும் இடையே, பலரும் கவனியாத ஓர் உறவு உண்டு. அதனைச் சற்றே விரித்துரைக்க விரும்புகின்றோம்.

ஷேர்லொக் ஹோம்ஸ் என்னும் பெயரை அறியாதார் இலர். ஆதர் கொனன் டொயில் படைத்த அத்துப்பறிவாளர் முதன்முதலில் 1887இல் ஒரு நாவலிலே தோன்றினார். 1890இல் இன்னொரு நாவல் வந்தது. இரண்டும் பெரும் பரபரப்பை உண்டாக்கவில்லை. 1891 ஜூலை மாதம் இலண்டனில் வெளியான ‘ஸ்ட்ராண்ட்’ சஞ்சிகையில் ஹோம்ஸின் முதலாவது சிறுகதை அச்சாயிற்று. பொஹீமிய நாட்டு மன்னன் ஒருவன் முகமூடி அணிந்து ஹோம்ஸிடம் உதவி தேடி வரும் கதை அது. அந்த மாதத்தோடு டொயிலின் நிலையே மாறிவிட்டது.

அக்கதையைக் கையில் எடுக்கும் திருகோணமலை மாவட்டத்து மாணவனுக்கு, வேறு ஊர் மாணவர்க்கு வாய்க்காத ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. மன்னன் இன்னும் படியேறி வரவில்லை; கதை இன்னும் சூடுபிடிக்கவில்லை; அதற்குள்ளாகவே தன் ஊரின் பெயரை அவன் அச்சிலே காண்பான். டொக்டர் வொட்சன் மணமுடித்துத் தனிக்குடித்தனம் சென்றுவிட்டார். நண்பரைச் சந்திப்பது அரிதாகிவிட்டது. ஹோம்ஸ் என்ன செய்து கொண்டிருக்கின்றார் என்பதை ஊராரைப் போலவே பத்திரிகைகளிற் படித்துத்தான் அவரும் அறிகின்றார். ரஷ்யப் பேரரசின் ஒடெஸ்ஸா நகரிலே ட்ரெபொவ் என்பவரின் கொலை தொடர்பாக ஹோம்ஸ் அழைக்கப்பட்டாராம். திருகோணமலையில் அட்கின்சன் சகோதரருக்கு நேர்ந்த விசித்திரமான துயர நிகழ்ச்சியின் மர்மத்தைத் தெளிவுபடுத்தினாராம். ஒல்லாந்து அரச குடும்பத்தின் பொருட்டு நுட்பமான பணியொன்றையும் முடித்தாராம். இம்மூன்றையும் ஒரே மூச்சிற் சொல்லிவிட்டு வொட்சன் வேறு பேச்சுக்குப் போய்விடுகின்றார்.

அவ்வளவுதான். ஹோம்ஸ் பற்றி டொயில் எழுதியவை 4 நாவல்களும் 56 சிறுகதைகளும். அட்கின்சன் சகோதரர் எத்தனை பேர், அவர்கள் யார், கொன்றவரா கொல்லப்பட்டவரா, ஹோம்ஸ் என்ன கண்டுபிடித்தார் என்பனவற்றை அறிய அத்தனையையும் புரட்டினாலும் பயனில்லை.

கதைக்காரர் திருகோணமலையை ஏன் தேர்ந்தார்? 1891இற்கு முன் அவர் இலங்கையைப் பார்த்தவரல்லர். மருத்துவம் பயின்ற இளமையில் வட துருவக் கடலுக்குத் திமிங்கில வேட்டைக் கப்பலிலே சென்றார். பின்னர் மேற்கு ஆபிரிக்கக் கரைக்குப் போய் நோயுற்றுத் திரும்பினார். நம் பக்கம் வரவில்லை. கொழும்பில் அவர் கால் வைத்தது 1920இல், அவுஸ்திரேலியாவுக்குப் போகும் வழியிலேதான். எனினும், 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைப்பற்றிய நாள் முதல் திருகோணமலை அவர்தம் கடற்படைக்குக் கண்போன்ற துறைமுகமாயிற்று. 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்படும்வரை அந்நிலை நீடித்தது. ஆகவே பத்திரிகை படிக்கும் ஆங்கிலேயர் எவருக்கும் அப்பெயர் பழக்கமானது. ஆனால் அங்கு என்ன நடக்கின்றது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. பெயர் தெரிந்து இடம் தெரியாத ஊரே மர்மக் கதைக்கு மிக உகந்த ஊர் என்பதை டொயில் நன்கறிவார். இலங்கையை அவர் அத்துடன் விட்டுவிடவுமில்லை. 1892இல் எழுதிய வேறொரு கதையில், கோப்பிப் பயிர் நோய்கண்டு அழிந்த பின்பு தேயிலையை நட்டு மீண்டெழுந்த தோட்டத்துரைமாரின் துணிவைப் பெரிதும் போற்றுகின்றார். கூலிகளாய் வந்து அத்தேயிலையை உண்மையிலே நட்ட தமிழ் மக்களைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அதை நாமாகவே சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

இனி, ஹோம்ஸ் உண்மையாகவே இங்கு வந்திருப்பாரா என்பது ஒரு வழக்கு. கதை நிகழ்வது 1888 மார்ச் என்று வொட்சன் கூறுகின்றார். சூயஸ் கால்வாய் 1869இலேயே திறக்கப்பட்டுவிட்டபடியால், இலண்டனிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பலில் வர ஏறக்குறைய ஒரு மாதம் போதும். அதற்கப்பாலே தான் தொல்லை. கண்டிக்குப் புகையிரதம் 1867இலும், மாத்தளைக்கு 1880இலும் வந்துவிட்டன. திருகோணமலைக்கோ 1927இலேதான் வந்தது. ஆகையால் மாத்தளையில் இறங்கி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று காட்டு வழியே வண்டியில் வந்திருக்க வேண்டும். காய்ச்சலுக்கும் யானைக்கும் தப்பினால் துறைமுகத்தைக் காணலாம். அன்றேல் கப்பலிலேயே தீவைச் சுற்றி வந்து இறங்கியிருக்கலாம்.

மூன்றாவது வழியும் ஒன்றுண்டு. அதிலே நமக்குக் கொஞ்சம் பாசம். மட்டக்களப்பிலிருந்து கரையோரமாக வடக்கே வந்தால் வாகரை, கதிரவெளி கடந்து வெருகல் ஆறு குறுக்கிடும். மகாவலி கங்கையின் கிளையாகிய அவ்வாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகிலேதான் சித்திர வேலாயுத சுவாமி கோயில் இருக்கின்றது. ஆவணித் திருவிழாவுக்கு வரும் அடியாரும், கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகரும் கடந்த ஆறு அது. பாலம் அமையுமுன் தோணியிலோ ‘பாதை’யிலோதான் அக்கரை சேர வேண்டும். பின்னர் மூதூர் வரை நடந்து, அங்கிருந்து படகேறிக் குடாவைக் கடந்தால் திருமலை. இந்த மூதூர்ப் பக்கத்திலேதான் 1660இல் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி தந்தையோடு கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டான். பத்தொன்பது ஆண்டு கழித்துத் தப்பியோடி 1681இல் அவன் வெளியிட்ட நூல், ஆங்கில நாவலாசிரியர் பலருக்குத் தீனியாயிற்று. கொட்டியாரம் ஆங்கிலக் கதையுலகிற்குப் புதிதன்று என்பதற்கு இதுவும் சான்று.

ஹோம்ஸ் வரவே இல்லை, நாற்காலியில் இருந்தபடி கடிதங்களையும் தந்திகளையும் கொண்டே வழக்கைத் தீர்த்தார் என்று வாதிடவும் இடமுண்டு. நமக்கோ அவர் வந்தார் என்று நம்பவே ஆசை.

சொல்லாமல் விட்ட கதைகள் டொயிலிடம் பலவுண்டு. சுமாத்திராப் பேரெலி என்று ஒன்றைச் சொல்லி, அக்கதைக்கு உலகம் இன்னும் தயாராகவில்லை என்று ஹோம்ஸைக் கொண்டே கூறவைத்துவிட்டார். வாசகனின் கற்பனைக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்து போகும் இந்த உத்தி எளிதாகத் தோன்றும். செய்து பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும். 1954இல் டொயிலின் மகன் ஏட்ரியனும் ஜோன் டிக்சன் காரும் இத்தகைய வழக்குகளுக்குக் கதை புனைந்து ஒரு தொகுதி வெளியிட்டனர். அதன் பன்னிரண்டு கதைகளுள் முதலாவதே ஒடெஸ்ஸாவோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ட்ரெபொவ் விவகாரந்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த அட்கின்சன் சகோதரருக்கோ அந்நூலில் இடம் கிடைக்கவில்லை.

சகோதரர் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகின்றது. ‘ஸ்ட்ராண்ட்’ சஞ்சிகையில் அட்கின்சன் சகோதரர் வந்த அதே 1891இல், திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி எழுதிய ‘ஊசோன் பாலந்தை கதை’ வெளிவந்தது. ஈழத்துத் தமிழ் நாவல் வரலாற்றின் தொடக்கத்தில் வைத்து எண்ணப்படும் நூல் அது. பிறந்தவுடன் பிரிந்து, ஒருவன் காட்டிலே கரடியிடமும் மற்றவன் அரண்மனையிலும் வளர்ந்த இரட்டைச் சகோதரர் பற்றிய ஐரோப்பியப் பழங்கதையின் தமிழ் வடிவம். நான்கு ஆண்டு கழித்து, 1895இல், திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளை ‘மோகனாங்கி’யை வெளியிட்டார், தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று போற்றப்படுவது. அவருடைய தமையனார் பெரும் புலவர் கனகசுந்தரம்பிள்ளை. இலண்டன் எழுத்தாளர் திருமலையில் இல்லாத சகோதரரைக் கற்பித்துக் கொண்டிருந்த வேளையில், திருமலையின் உண்மையான சகோதரர் சென்னையிலே தமிழ் வளர்த்துக் கொண்டிருந்தனர். இதனைத் தற்செயல் என்பதன்றி வேறென்ன சொல்வது?

தற்செயலாக நல்லதைக் கண்டடைவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லே ‘செரெண்டிப்’ என்னும் நம் தீவின் பழம்பெயரிலிருந்து பிறந்தது. 1754இல் ஹொரஸ் வோல்போல் அதைப் படைத்தபோது அவர் மனத்தில் இருந்தது, செரெண்டிப் அரசனின் புதல்வர் மூவரின் கதை. 1557இல் வெனிஸ் நகரில் அச்சேறிய அக்கதையில், மூவரும் வழியிலே காணாமற்போன ஒட்டகம் ஒன்றைக் கண்ணால் காணாமலே அது ஒற்றைக் கண்ணுடையது, பல் ஒன்று இல்லாதது, கால் நொண்டி என்று அடையாளம் சொல்கின்றனர். சொன்ன குற்றத்துக்காகக் கள்வர் என்று பிடிபடுகின்றனர். இதைப் படிக்கும் தமிழ்ப் பிள்ளை, இது நம் நாலு மந்திரி கதையல்லவா என்று துள்ளிக் குதிக்கும். ஒரு பக்கத்துத் தழை மட்டும் மேயப்பட்டிருந்ததால் மறு கண் குருடு. மூன்று காலின் சுவடே பதிந்திருந்ததால் நொண்டி. முன்கால் அழுந்திப் பின்கால் அழுந்தாமையால் வயிற்றுவலி. ஹோம்ஸ் ஒருவனுடைய சப்பாத்துச் சேற்றைப் பார்த்து அவன் நடந்த தெருவைச் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன? ஹோம்ஸுக்கு மாதிரியாய் இருந்தவர் எடின்பரோ மருத்துவக் கல்லூரியிற் டொயிலுக்குக் கற்பித்த ஜோசப் பெல் என்பது மெய்யே. நோயாளி வாய் திறக்குமுன் அவன் தொழிலைச் சொல்லிவிடும் ஆற்றல் அவருக்கிருந்தது. ஆனால் அந்த அறிவு எடின்பரோவிலே பிறந்ததன்று என்பதை நம் பாட்டிமார் அறிவர்.

அதற்கும் மேலாக ஒன்றுண்டு. கிழக்கு மாகாணத்துக் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசி தோறும் ‘கண்ணகி வழக்குரை’ பாடப்படுகின்றது. அதனைப் பக்தியோடு கேட்கின்றோம். ஒரு வழக்கு விசாரணையாகக் கேட்பவர் எத்தனை பேர்? கோவலனிடம் இருந்த சிலம்பு அரசியின் சிலம்பென்று பொற்கொல்லன் சொன்னான். அரசன் ஆராயவில்லை. ஒரே தோற்றமுடைய இரு பொருள்களை எவ்வாறு வேறுபடுத்துவது என்பதே அங்குள்ள சிக்கல். கண்ணகி அழுது முறையிட்டதோடு நிற்கவில்லை. சிலம்பை உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பிலே முத்து, அவள் சிலம்பிலே மாணிக்கம். சான்று சபையின் நடுவே சிதறிக் கிடந்தது. பேக்கர் தெருவில் இதனினும் சிறந்த நிரூபணத்தை நாம் கண்டதில்லை. வேறுபாடு ஒன்றே: அங்கே சான்று கிடைத்தபோது கோவலன் உயிரோடு இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமற் செல்வது முறையன்று. துப்பறியும் கதையின் இன்பம், கடைசிப் பக்கத்தில் உண்மை வெளிப்படும் என்ற உறுதியிலே இருக்கின்றது. நம் மாவட்டத்தில் அந்த உறுதியை வாழ்க்கை தரவில்லை. 2006 ஜனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2013இல் கைதான பாதுகாப்புத் தரப்பினர் பதின்மூவரும் 2019 ஜூலையிலே போதிய சான்று இல்லையென்று விடுவிக்கப்பட்டனர். 2006 ஓகஸ்ட்டில் மூதூரில் நிவாரணப் பணியாளர் பதினெழுவர் தம் அலுவலக வளவிலேயே கொல்லப்பட்டனர். அதற்காக எவருக்கும் தண்டனை கிடைத்ததில்லை. இத்தகைய மண்ணில் இருந்துகொண்டு கற்பனைக் கொலைகளைப் படித்து மகிழ்வது தகுமா என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. நாம் கண்ட வரையில், வீட்டிலே இழப்பைக் கண்டவர்களே இக்கதைகளை மிகுந்த ஆர்வத்தோடு படிக்கின்றனர். யார், எங்கே, எப்போது, யார் பார்த்தார் என்று அடுக்கடுக்காய்க் கேட்டு, விடை வரும்வரை ஓயாத ஒருவரை ஏட்டிலாவது காண்பது அவர்களுக்கு வேண்டியிருக்கின்றது. அதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் தள்ளிவிட எமக்கு மனமில்லை.

ஆங்கிலக் கதைகளிற் குறையே இல்லையென்று சொல்ல மாட்டோம். 1868இல் வில்கி கொலின்ஸ் எழுதிய ‘சந்திரகாந்தக் கல்’ நாவலிலிருந்தே, சாபம் பிடித்த இரத்தினமும் பழிவாங்க வரும் அந்தணரும் கீழைத் தேசத்திலிருந்து இறக்குமதி ஆகும் சரக்குகள். சீரங்கப்பட்டணத்தில் 1799இலே கொள்ளையிட்டவன் வெள்ளைக்காரன் என்பதைக் கொலின்ஸ் மறைக்கவில்லை. அந்த மட்டில் அவர் நேர்மையாளர். டொயிலோ 1890ஆம் ஆண்டு நாவலில் அந்தமான் ஆதிக்குடி மகன் ஒருவனை விலங்கினும் கீழாக வருணித்துவிட்டார். மாணாக்கர் இதனைப் படிக்கும்போது ஆசிரியரும் பெற்றோரும் உடனிருந்து இரண்டு வார்த்தை சொல்வது நலம். அகதா கிறிஸ்டியிடம் இத்தொல்லை இல்லாமலில்லை எனினும் அவருடைய பலம் வேறு. 1926இல் வந்த ‘றோஜர் அக்ரோய்ட் கொலை’யைப் படித்து முடித்தவர், ஏமாந்தோம் என்ற கோபத்தோடு முதற்பக்கத்துக்குத் திரும்புவர்; திரும்பிப் பார்த்தால் ஆசிரியை எதையும் மறைக்கவில்லை என்பது விளங்கும். எவ்வாறு என்று இங்கே சொல்லிப் பாவம் தேடிக்கொள்ள மாட்டோம்.

இக்கலை தமிழிலே புகுந்த வரலாறு நெடியது. ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் ‘இராஜாம்பா’ளைத் தந்து, துப்பறியும் கோவிந்தனை வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்தினார். வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் ஆகியோர் ஆங்கில மூலங்களுக்கு வேட்டி கட்டிவிட்டனர். வடுவூராரின் கதை 1950இலே ‘திகம்பர சாமியார்’ என்று படமானபோது, பிற்காலத்தில் வில்லனாகவே நாம் அறிந்த எம். என். நம்பியார், வேடத்துக்கு மேல் வேடம் புனைந்து துப்புத் துலக்கினார். பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வந்தனர்.

திரையிலே நம் மனத்தைக் கவர்ந்தது வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’. 1954இலே, பாட்டும் கூத்தும் இன்றி ஒரு தமிழ்ப்படம்! வானொலிப் பொறியாளன் ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கின்றான். அவனை அறிந்தவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாய்க் கதை சொல்கின்றனர். யப்பானியப் படமான ‘ரஷோமோன்’ இதற்குத் தூண்டுகோல் என்பர். 1950இல் வந்த பிரித்தானியப் படமொன்றும் அதே அமைப்புடையது. 1943இலே சென்னை மீது யப்பானியர் குண்டு வீசியதன் மறுநாளில் இக்கதை தொடங்குகின்றது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் அதே யப்பானிய விமானங்களைத் தம் தலைக்கு மேலே கண்ட திருமலை மக்கள் இப்படத்தை எத்தகைய நெஞ்சோடு பார்த்திருப்பர் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகின்றது. அதே பாலசந்தர் 1970இல் ‘நடு இரவில்’ படத்திலே, ஒவ்வொருவராக மடியும் கிறிஸ்டியின் புகழ்பெற்ற கதையமைப்பைத் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்குள் கொணர்ந்தார். 1964இல் வந்த ‘புதிய பறவை’யின் வேரும் பிரித்தானியாவிலேதான் இருக்கின்றது. 1958ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்தில் இறந்த சகோதரன் திரும்பி வந்து நிற்கின்றான். அது வங்காளம் வழியே நம்மிடம் வந்து சேர்ந்தபோது, இறந்த மனைவி திரும்பி வந்து நிற்கின்றாள். அண்ணனைவிட மனைவி திரும்பி வருவதுதான் தமிழ் நாயகனுக்குப் பெருஞ்சோதனை என்று எடுத்தோர் கணித்தது பொய்க்கவில்லை.

ஹோம்ஸாக நடித்தோர் பலர். 1939 முதல் 1946 வரை பதினான்கு படங்களில் பசில் றத்போன். 1984 முதல் 1994 வரை தொலைக்காட்சியில் ஜெரமி பிரெட். 2010 முதல் கைப்பேசியும் கையுமாகப் பெனடிக்ட் கம்பர்பட்ச். எமது ஓட்டு பிரெட்டுக்கே. சிந்திப்பது என்னும் செயலைக் கண்ணுக்குத் தெரியும்படி நடிக்க அவருக்கு இயன்றது. எனினும் மாணவர்க்கு நாம் சொல்வது, முதலில் ஏட்டைப் படியுங்கள் என்பதே. திரையிலே கமெரா எதைக் காட்டுகின்றதோ அதுவே துப்பு என்று விளங்கிவிடும். ஏட்டிலோ துப்பும் துரும்பும் ஒரே எழுத்தளவிலே கிடக்கும். பொறுக்கி எடுப்பது நம் பொறுப்பு.

அட்கின்சன் வழக்குக்கு வருவோம். அதை எழுத இலண்டனாரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. துறைமுகத்தின் நீரோட்டமும், மூதூர்ப் படகும், கந்தளாய்க் காட்டு வழியும் அறிந்த நம் மாணவர் ஒருவர் பேனாவை எடுக்கலாம். கருவொன்று இதோ. மார்கழி மாதம், வாடைக்காற்றோடு மழை. அட்கின்சன் சகோதரருள் இளையவன், கொலை நடந்த இரவில் தான் வாகரையில் இருந்ததாகவும், பொழுது விடியுமுன் வெருகலைக் கடந்து மூதூர் வந்து சேர்ந்ததாகவும் துரைமார் முன்னிலையிற் சத்தியம் செய்கின்றான். துரைமார் தலையசைக்கின்றனர். மூலையில் நிற்கும் பாதைக்காரனிடம் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு கரைபுரண்டு ஓடியபடியால் மூன்று நாளாகப் பாதை விடவே இல்லை என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.